எட்டு சிலிண்டர் ஓசையும் அம்மாவின் முழங்காலும்

கேள்வி: எனக்கு 34 வயது. வீடு கோவை சிங்காநல்லூரில், பனியன் கம்பெனி திருப்பூரில். வாரத்தில் ஆறு நாள் போக வர 100 கி.மீ. ஓடுகிறேன். மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. இருக்கிற பழைய ஸ்விஃப்டை விற்றுவிட்டு வீட்டுக்கு ஒரே கார் வாங்கப்போகிறேன். பள்ளி நாளில் அப்பா என்னைச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் கூட்டிப்போவார். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. பெங்களூரில் கர்நாடகப் பதிவில் 2018 ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஒன்று 52 லட்சத்துக்கு வருகிறது. சிவப்பு நிறம், 28,000 கி.மீ. ஓடியது. அதே பணத்துக்குப் புது மின்சாரக் கார் பி.ஒய்.டி. சீல் பெர்ஃபாமன்ஸும் கிடைக்கும். ‘எலெக்ட்ரிக்கில் உயிர் இல்லை, எட்டு வருஷத்தில் பேட்டரி போய்விடும்’ என்கிறார்கள் நண்பர்கள். மனைவி சீலைத்தான் சொல்கிறார். மாதம் ஒரு ஞாயிறு வால்பாறை ஏறுவேன். எதை வாங்கட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, மஸ்டாங்கைப் பற்றி எழுதும்போது அதன் நிறத்தைக்கூட மறக்காமல் சொன்னீர்கள். சீலின் நிறம் உங்கள் கடிதத்தில் இல்லை. மனம் எங்கே இருக்கிறதென்று புரிகிறது. அந்த ஆசையைச் சின்னதாக நினைத்து இந்தப் பதிலை எழுதவில்லை.

மஸ்டாங்கின் அந்த எட்டு சிலிண்டர் 5 லிட்டர் வி8 எஞ்சினை நானும் ஓட்டியிருக்கிறேன். நண்பர் ஒருவரின் காரில் விடிகாலையில் ஆழியாறிலிருந்து அட்டகட்டி வரை போனோம். எஞ்சினைக் கிளப்பியதும் அடிவயிற்றில் ஒரு உறுமல் எழும். மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது உடம்பே சிலிர்க்கும். எந்த மின் மோட்டாரும் அதைத் தராது. ‘உயிர்’ என்று உங்கள் நண்பர்கள் சொல்வது அதைத்தான். அது உண்மை.

இருந்தாலும் இந்த மஸ்டாங்கை நீங்கள் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்திலுள்ள ‘ஒரே கார்’ என்ற இரண்டு சொல்லே எனக்குக் காரணம். வீட்டில் இன்னொரு பெரிய கார் இருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

மஸ்டாங்குக்குக் கதவு இரண்டுதான். பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையைச் சாய்த்து, குனிந்து, உடம்பை ஒடுக்கி நுழைய வேண்டும். முழங்கால் வலிக்கிற அம்மா அங்கே போக முடியாது, முன்னால்தான் உட்காருவார். அப்போது உங்கள் மனைவி இரண்டு பிள்ளைகளோடு பின்னால் போக வேண்டும், ஆனால் பின்னால் இருக்கை இரண்டுதான். ஆக, ஐந்து பேர் குடும்பம் ஒருநாளும் ஒன்றாக அந்தக் காரில் ஏற முடியாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வாடகை வண்டியில் வருவார். அது பெரும்பாலும் யாராக இருக்குமென்று உங்கள் மனைவிக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தலைமுறை மஸ்டாங்கை 2017 தொடக்கத்தில் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்தபோது ஐந்துக்கு இரண்டே நட்சத்திரம் கிடைத்தது. குழந்தைகள் பாதுகாப்பில் 32 விழுக்காடு. முன் காற்றுப்பைகள் போதிய அளவு விரியவில்லை. பின்னிருக்கை பெல்ட்டுகளில், மோதும் நொடியில் இறுக்கிப் பிடிக்கும் பொறி இல்லை. பிறகு மேம்படுத்திய காருக்கும் மூன்று நட்சத்திரம்தான் வந்தது. சீல் 2023இல் அதே அமைப்பிடம் ஐந்தும் வாங்கியது. பின்னால் 9 வயதும் 5 வயதும் உட்காரப்போகிற காருக்கு இந்த வித்தியாசத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 25 நாள், 2,500 கி.மீ. அவிநாசி சாலை நெரிசலோடு சேர்த்து மஸ்டாங் லிட்டருக்கு 7 கி.மீ. கொடுத்தால் நல்லது. 357 லிட்டர், சுமார் 36,000 ரூபாய். சீல் 100 கி.மீ.க்கு 20 யூனிட் எடுக்கும் என்று தாராளமாகவே வைத்தால் மாதம் 500 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 5,000 ரூபாய். மாதம் 31,000 ரூபாய் மிச்சம். பனியன் கம்பெனியில் தையல்காரர்களுக்குச் சம்பளம் போடும் உங்களுக்கு அந்தத் தொகையின் கனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கர்நாடகப் பதிவு வண்டியை இங்கே நிரந்தரமாக ஓட்ட, அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, நம் ஆர்.டி.ஓ.வில் மறுபதிவு செய்து, மீண்டும் சாலை வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பெட்ரோல் காருக்குத் தமிழகத்தில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 விழுக்காடு. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் சில லட்சம் எடுத்து வையுங்கள். பெங்களூரில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு வாங்குவது தனி அலைச்சல்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20. 2018 வண்டி அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் சில நகரங்களில் சில பங்க்குகளில் கிடைக்கிறது, லிட்டர் 150 ரூபாய்க்கு மேல். அதைப் போட்டால் மேலே போட்ட கணக்கு இன்னும் ஏறும். ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது என்றாலும் மஸ்டாங் சென்னை அருகே ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையில் செய்த கார் இல்லை, முழுதாக இறக்குமதியானது. ஒரு விளக்கு உடைந்தால்கூட அது கடல் கடந்து வர வேண்டும். சீலும் இறக்குமதிதான் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றே. முன்பணம் கொடுக்கும் முன் பம்பரும் முன்கண்ணாடியும் எத்தனை வாரத்தில் வரும் என்று சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்காதீர்கள், பழுது பார்ப்பவரைக் கேளுங்கள்.

பேட்டரி பயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை பேட்டரிக்கு உத்தரவாதம், எது முதலில் வருகிறதோ அதுவரை. நீங்கள் ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடுகிறவர். உங்களுக்கு அது ஐந்து வருஷம் நாலு மாதத்தில் முடிந்துவிடும். வாங்கும் முன்பே இது தெரிந்திருக்கட்டும். ஆனால் உத்தரவாதம் முடிந்த நாளில் பேட்டரி முடிந்துபோகாது. 82.56 யூனிட் பேட்டரி ஒருமுறை நிரம்பினால் நம் சாலையில் 400 கி.மீ.க்குக் குறையாது. 1.6 லட்சம் கி.மீ. ஓட 400 முறை முழுதாக நிரம்பிக் காலியானால் போதும். சீலில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி. ஆயிரங்களில் எண்ணக்கூடிய சுற்றுகளைத் தாங்குவது அந்த வகை, சூட்டுக்கும் மற்ற வகைகளைவிட எளிதில் கலங்காது. நீங்கள் பயப்பட வேண்டியது மறுவிற்பனை விலைக்கு. அதில் மஸ்டாங்தான் ஜெயிக்கும். மின்சாரக் கார் வேகமாக இறங்கும். எட்டு பத்து வருஷம் வைத்து ஓட்டும் எண்ணமிருந்தால் மட்டும் சீலுக்குப் போங்கள்.

சீல் என்றால் எந்தச் சீல்? இங்கேதான் நீங்கள் எழுதியதை மாற்றச் சொல்கிறேன். பெர்ஃபாமன்ஸ் வேண்டாம், பிரீமியம் போதும்.

2024 மார்ச்சில் சீல் இங்கே வந்தபோது பிரீமியம் 45.55 லட்சம், பெர்ஃபாமன்ஸ் 53 லட்சம். பேட்டரி இரண்டிலும் ஒன்றே. பெர்ஃபாமன்ஸில் முன்னால் இன்னொரு மோட்டார். 530 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகம் 3.8 நொடியில். மஸ்டாங் அதற்கு 5 நொடிக்குமேல் எடுக்கும். ஆனால் இந்த 3.8 நொடியை நீங்கள் எங்கே செலவழிப்பீர்கள்? அவிநாசி சாலையிலா, பின்னால் குழந்தைகளை வைத்துக்கொண்டு? மிதித்தவுடன் பாய்ந்து, காலை எடுத்தவுடன் இழுத்துப் பிடிக்கும் மின்சாரக் காரில் பிள்ளைகளுக்கு வாந்தி சீக்கிரம் வரும். பிரீமியம் பின்சக்கர இழுவை, 313 குதிரைத்திறன், 5.9 நொடி. லாரியை முந்த அதில் பாதியே போதும். எடையும் 130 கிலோ குறைவு, ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் அதிகம். வளைவில் ஸ்டியரிங் பேசுவதும் அதில்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மலையில் எடைதான் எல்லாம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு டன் காரைத் திருப்புவது சுகமான வேலை இல்லை. சீலின் மேல் எனக்குள்ள பெரிய குறை அதுதான். ஏறும்போது மோட்டார் மூச்சுவாங்காது. இறங்கும்போதுதான் அந்த எடை உதவுகிறது. ஆளோடு சேர்த்து 2,350 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் 6 யூனிட்டுக்கு மேல் சக்தி வெளிப்படுகிறது. மஸ்டாங்கில் அது முழுக்கப் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகப் போகும். சீலில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. வால்பாறையில் தங்கினால் மட்டும் காலையில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்கு வாங்கிவைக்க இடமிருக்காது, பாரம் முழுதும் பிரேக் மேல் விழும். 80 விழுக்காட்டோடு புறப்படுங்கள்.

ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் நிற்கும், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அது ஆனைமலைப் புலிகள் காப்பகமும் அதை ஒட்டிய இடமும். எட்டு சிலிண்டரை அங்கே முழங்கவிடுவதை நான் இப்போது ஏற்பதில்லை. அன்று விடிகாலையில் நாங்கள் செய்ததும் தவறுதான். சத்தமில்லாத காருக்கும் அங்கே பொறுப்பு உண்டு: நீங்கள் வருவது அவற்றுக்குக் கேட்காது, மெதுவாகப் போங்கள்.

அப்பா கூட்டிப்போன செட்டிபாளையம் உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். பிரீமியம் எடுத்து மிச்சமாகும் ஏழு லட்சத்தில் கொஞ்சத்தை அங்கே செலவழியுங்கள். முறையாகப் பந்தயம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிகள் அந்தத் தடத்தில் நடக்கின்றன. மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சின் பூட்டிய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், சீலின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கியரைக் கையால் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். மஸ்டாங் இந்தியாவுக்கு ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே வந்தது. பள்ளி நாளில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் பார்த்த ஓட்டம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். சீல் தாழ்வான கார். அடியில் பேட்டரி இருப்பதால் பின்னால் தரை உயர்ந்து, தொடைக்குத் தாங்கல் போதாது. சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாமல் ஐந்து பேருமாகப் போங்கள். உங்கள் தெருவின் வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்று பாருங்கள். அம்மாவை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை உட்கார வைத்து, அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். இறங்கும்போது கைகொடுக்காதீர்கள், அவராக எழட்டும். எழுவதற்கு அவர் சிரமப்பட்டால் சீலையும் விட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், உயரமான மின்சாரக் கார்களில் ஒன்றைச் சேர்ந்து தேடுவோம்.