பதில்: கடைப் பலகைக்கான பொக்ஸ் பார் எவ்வளவு தொங்கும்?

தம்பி, கல்லடிக் கடைச் சுவரிலிருந்து 1.2 மீற்றர் நீட்டிய 50×25×2 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் (உள்ளே பொள்ளலான உருக்குச் சட்டம், சுவர்த் தடிப்பு 2), நுனியில் 20 கிலோ பலகை, தொங்கல் 1.2 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறீர்கள். அது இரு முனையும் தாங்கி, நடுவில் சுமை வைக்கும் வளைக்கான கணக்கு. அங்கேதான் தொங்கல் சூத்திரத்தில் வகுக்கும் எண்ணாக 48 வரும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த கன்ரிலீவருக்கு 3. அதாவது 16 மடங்கு வித்தியாசம்.

சரியான கணக்கு: சுமை × நீளத்தின் கனம் (நீளம் × நீளம் × நீளம், மில்லிமீற்றரில்) ÷ (3 × யங்கின் மட்டு × பரப்பின் இரண்டாம் திருப்பம்). யங்கின் மட்டு என்பது உலோகத்தின் விறைப்பு; இரண்டாம் திருப்பம் என்பது பாரின் குறுக்குவெட்டு வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு. சுமை 200 நியூட்டன், உருக்குக்கு யங்கின் மட்டு சதுர மில்லிமீற்றருக்கு 2,00,000 நியூட்டன். நீங்கள் பாரைப் படுக்கையாக (25 பக்கம் நிமிர்ந்து) வைத்திருப்பதால் இரண்டாம் திருப்பம் மில்லிமீற்றரின் நான்காம் அடுக்கில் ஏறக்குறைய 29,600 தான், தொங்கல் 19.5 மில்லிமீற்றர். பாரின் சொந்த எடைக்கு இன்னுமொரு மில்லிமீற்றர். கண்ணுக்கே தெரியும்.

அதே பாரை 50 பக்கம் நிமிர்ந்து நிற்க வையுங்கள்: இரண்டாம் திருப்பம் 90,000, தொங்கல் 6.4 மில்லிமீற்றர். காசு ஒரு சதமும் கூடாது!

எனக்குப் பயம் சுவரில்தான். பாரைச் சுவரில் பூட்டும் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு இடைவெளி 150 மில்லிமீற்றர் என்றால் மேல் போல்ட்டை ஏறத்தாழ 160 கிலோ வெளியே இழுக்கும். பொள்ளல் சீமெந்துக் கல் அதைத் தாங்காது, கொங்கிறீற்றுத் தூணில் பூட்டுங்கள். மார்கழி வாடைக் காற்று இந்தக் கணக்கில் இல்லை. அதற்குப் பக்கவாட்டில் ஒரு இழுகம்பி போடுங்கள்.