பழைய டிஸ்க்கை விற்கும் முன்

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகம் அருகே ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். இரண்டு பழைய கணினிகளை விற்கப் போகிறேன். ஒன்றில் 1 டிபி ஹார்ட் டிஸ்க், மற்றதில் எஸ்எஸ்டி. ஃபார்மட் செய்துவிட்டேன். அது போதாது, 35 முறை அழிக்க வேண்டும் என்கிறான் தம்பி. உண்மையா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: போதாது என்பது சரி, அம்மா. 35 முறை தேவையில்லை.

விரைவு ஃபார்மட் உங்கள் கோப்புகளைத் தொடுவதே இல்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் புதிதாக்குகிறது. பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் நிலம் மறைந்துவிடுமா?

வேலூரில் என் சர்வீஸ் மேசைக்கு ஒரு கல்லூரி மாணவர், பழையதாக வாங்கிய டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அழிந்துபோன தன் படங்களை மீட்கச் சொன்னார். இலவச மீட்பு மென்பொருளை ஓட்டியதும் முதலில் வந்தவை, முன்பு வைத்திருந்தவர் ஸ்கேன் செய்த ஆதார் அட்டைகளும் கிரயப் பத்திரங்களும். ஒரு பத்திரத்தில் விரல்ரேகைகூடத் தெளிவாக இருந்தது. உங்களை நம்பித் தாளைக் கொடுத்தவர்களுக்கு இந்த நிலை வரக்கூடாது.

35 என்ற எண் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்று புழங்கிய பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அத்தனையையும் ஒரே டிஸ்க்கில் ஓட்டுவதில் பொருளில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுவதும் ஒருமுறை மேலெழுதினால் போதும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, விண்டோஸில் உள்ள 'டிஸ்க்பார்ட்' என்ற கட்டளைக் கருவியில் அதைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன் ஆல்' கொடுங்கள். வெறும் 'கிளீன்' கொடுத்தால் பட்டியல் மட்டுமே போகும். 'ஆல்' சேர்ந்தால்தான் கடைசி செக்டர் வரை பூச்சியம் எழுதும். சில மணி நேரம் திரை அசையாமல் நிற்கும், பதறி அணைத்துவிடாதீர்கள். மன்றாடிக் கேட்கிறேன்: எண்டரைத் தட்டும் முன் டிஸ்க்கின் எண்ணையும் அளவையும் இருமுறை சரிபாருங்கள். தேவையற்ற பென் டிரைவ்களைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கில் ஓட்டினால் மீட்க வழியே இல்லை.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த முறை உதவாது. சிப்பில் உள்ள நினைவகச் செல்கள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். கணினியின் கண்ணுக்கே படாத உபரி இடமும் அதில் உண்டு. தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ பயாஸிலோ (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) 'செக்யூர் எரேஸ்' என்ற முழு அழிப்புக் கட்டளை இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். யுஎஸ்பி கேபிளில் மாட்டினால் பெரும்பாலும் அந்தக் கட்டளை போய்ச் சேராது, மதர்போர்டிலேயே பொருத்துங்கள்.

கேள்வி: தோல் தொழிற்சாலைக் கணக்குகள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஓடவே இல்லை. காந்தத்தைத் தேய்த்தால் அழியுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: வீட்டுக் காந்தத்தை நம்பாதீர்கள். ஓடாத டிஸ்க்கிலிருந்தும் மீட்பு ஆய்வகங்கள் தகவலை எடுத்துவிடும். மூடியைத் திறந்து, உள்ளே பளபளக்கும் தட்டுகளை டிரில்லிங் மெஷினால் பல இடங்களில் துளையுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. சில்லு தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்பு அணியுங்கள். மிச்சத்தைக் குப்பையில் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.