நேர்காணல் 'புட் ஆஃப்' என்றால் வேலை போய்விட்டதா?

கேள்வி: "தி இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் மண்டே" என்று நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நேர்காணல் ரத்தாகிவிட்டதா? என்ன பதில் போடுவது?

பதில்: ரத்தாகவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ரத்து என்றால் 'கால்டு ஆஃப்' என்றோ 'கேன்சல்டு' என்றோ எழுதியிருப்பார்கள். 'புட் ஆஃப்', 'கால்டு ஆஃப்' இரண்டிலும் 'ஆஃப்' வருவதால் பலரும் குழம்புகிறார்கள். 'டில் மண்டே' என்பதை 'திங்கள் வரை' என்று படித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை போய் நிற்காதீர்கள். நேர்காணல் திங்கட்கிழமைதான். 'ஃபார் எ வீக்' என்று இருந்தால் ஒரு வாரம் தள்ளி.

பதில் எழுதும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி.

அடுத்தது வினைச்சொல். 'ஐ புட் ஆஃப் டு கோ' என்று எழுதுபவர்கள் ஏராளம். 'புட் ஆஃப் கோயிங்' என்பதே சரி. இதற்குத் தமிழே கைகொடுக்கும். 'போகத் தள்ளிப்போட்டேன்' என்று நாம் சொல்வதில்லை, 'போவதைத் தள்ளிப்போட்டேன்' என்கிறோம். அந்த 'போவதை' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'கோயிங்'. இறந்தகாலத்திலும் 'புட்' மாறாது. 'புட்டட்' என்று ஒரு சொல்லே கிடையாது.

மிகவும் கவனிக்க வேண்டியது, தள்ளிப்போடப்படுவது நிகழ்ச்சியா ஆளா என்பது. 'தி இன்டர்வியூ வாஸ் புட் ஆஃப்' என்றால் தேதி மாறியது. 'தி இன்டர்வியூ புட் மீ ஆஃப்' என்றாலோ, அந்த நேர்காணலைப் பார்த்து எனக்கு அந்த வேலையே பிடிக்காமல் போய்விட்டது என்று பொருள்! 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்பதும் அப்படித்தான்: நாற்றத்தில் சாப்பாடே இறங்கவில்லை. சாக்குச் சொல்லி ஒருவரைத் தட்டிக்கழிப்பதற்கும் இதே சொல்தான். ஆகவே பதிலில் 'யூ புட் மீ ஆஃப்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும்.

இப்படி எழுதுங்கள்: "தேங்க் யூ ஃபார் லெட்டிங் மீ நோ. ஐ வில் பி தேர் ஆன் மண்டே. குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் தி டைம்?" நேரம் மாறியிருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.