காலை வெயிலும் இரண்டு டிக்கெட்டும்

அன்புள்ள ஐயா,

ஒன்பது மாத வெளிநாட்டு வாசம் முடிந்து அடுத்த மாதம் ஊர் திரும்புகிறேன். இரண்டு விமானங்கள், காத்திருப்பும் சேர்த்து 22 மணி நேரம். இங்கிருந்து கிழக்கே 8 மணி நேர வித்தியாசம். விலை குறைவு என்று இரண்டு டிக்கெட்டையும் வேறு வேறு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்துவிட்டேன். நடுவே இரண்டரை மணி நேரம் இருக்கிறது. காலை 7 மணிக்கு இறங்குகிறேன். இறங்கியதும் வெயிலில் நின்றால் ஜெட் லேக் (நேர வித்தியாசத்தால் வரும் தூக்கக் குழப்பம்) போய்விடும் என்கிறார்கள், சரிதானா? ஜன்னலோர இருக்கை நல்லதா, நடைபாதையோரமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெயிலுக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டரை மணி நேரம், அதுதான் அவசரம்.

தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானது பற்றி இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலை இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் பிடித்துத் தருவது அவர்கள் வேலை. பெட்டிக்கும் இதே கதி. பெரும்பாலும் நடுவழியில் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு இமிக்ரேஷன் தாண்டி வெளியே வரவேண்டும். அதாவது அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். உள்ளேயே விமானம் மாறுகிறவரிடம் விசா கேட்காத நாடுகூட வெளியே வருகிறவரிடம் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் முதல் விமானத்திலேயே ஏற்ற மறுப்பார்கள்.

விசா இருக்கிறது, விமானமும் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கதவு திறந்து நடந்து வர 20 நிமிடம், இமிக்ரேஷன் வரிசை 45, பெட்டி வர 30. அடுத்த கவுண்டருக்கு வந்து சேரும்போது 95 நிமிடம் போயிருக்கும். கிளம்ப 55 நிமிடம் பாக்கி. சர்வதேச விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் கவுண்டரை மூடுவது 60 நிமிடத்துக்கு முன்பு. எந்தத் தவறும் நடக்காமலேயே விமானத்தைத் தவறவிட்டீர்கள்.

ஆகவே இரண்டில் ஒரு டிக்கெட்டை மாற்றுங்கள். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். அன்றைக்கு அதற்குப் பிறகு வேறு விமானம் இல்லாத தடம் என்றால் ஓர் இரவே தங்கிவிடலாம். முதல் விமான நிலையத்தில் பெட்டியைக் கடைசி ஊர் வரை போட முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். கூட்டு நிறுவனங்களாக இருந்தால் சிலர் செய்வார்கள், கட்டாயம் இல்லை. "ஆகிவிட்டது" என்று வாயால் சொன்னால் போதாது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் உங்கள் ஊர் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எடை வரம்பும் இரண்டு டிக்கெட்டுக்கு இரண்டு விதமாக இருக்கலாம். குறைவானதுதான் உங்களுக்கு உண்டான எடை.

இனி வெயில். உங்கள் விஷயத்தில் அந்த யோசனை தவறு. முதல் நாள் காலை வெயில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

உடம்பின் உள்கடிகாரம் 24 மணிக்குச் சற்று அதிகமாகவே ஓடுவது. அதனால் பின்னால் தள்ளுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். கிழக்கே வருகிற பயணம் படுத்துவது இதனால்தான். வெளிச்சத்துக்கு இரண்டு திசையிலும் தள்ளும் சக்தி உண்டு. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு உடல் வெப்பம் மிகக் குறைந்த புள்ளிக்கு வரும். அந்தப் புள்ளிக்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அதற்கு முன் பட்டால் பின்னால் தள்ளும். இப்போது நீங்கள் காலை 7 மணிக்கு எழுபவர் என்றால் அந்தப் புள்ளி 4 முதல் 5 மணி. ஊர் நேரப்படி அது பகல் 12 முதல் 1. காலை 8 மணி வெயில் உங்கள் உடம்புக்கு நடுநிசி வெளிச்சம். முன்னால் வரவேண்டிய கடிகாரம் இன்னும் பின்னால் போகும்.

எனவே முதல் நாள் மதியம் 1 மணி வரை அடர்ந்த கறுப்புக் கண்ணாடி, திரை போட்ட அறை. 1 முதல் 4 வரை வெளியே, வெயில் முகத்தில் படும்படி. மறுநாள் 12-க்கு வெளியே வாருங்கள், அதற்கடுத்த நாள் 11. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உடம்பு நகரும் என்பதால் இந்தப் படி. அரை மணி முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது. பகலில் தாங்கவில்லை என்றால் அலாரம் வைத்து 30 நிமிடம் மட்டும் தூங்கலாம். இறங்கிய அன்று வண்டி ஓட்டாதீர்கள். மெலடோனின் (தூக்க நேரத்தை உடம்புக்கு உணர்த்தும் ஹார்மோன் மாத்திரை) எடுப்பதானால் 0.5 முதல் 3 மில்லிகிராம், ஊரில் படுக்கும் நேரத்தில், சில நாட்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பிஐஆர் என்ற புகார்ப் படிவத்தைப் பதிந்து எண் வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தரவேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஒன்பது மாத வாழ்க்கையே பெட்டிக்குள் இருக்கும்போது இது பெரிய தொகையில்லை. மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படமெடுத்து வையுங்கள். மருந்து, சான்றிதழ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான். பொதுவான வரம்பு 100 வாட்-அவர். பவர் பேங்கின் மேல் போட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிடைக்கும். 20,000 என்றால் 74, தப்பித்தீர்கள்.

தங்கிய இடம் மலேரியா உள்ள பகுதி என்றால், ஊர் வந்துவிட்டோம் என்று தடுப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது. டாக்ஸிசைக்ளின் என்றால் இன்னும் 4 வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். திரும்பிய ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே இருந்தீர்கள் என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும், முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இருக்கை? நடைபாதையோரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறும். அதிலும் ஜன்னலோரம் இருப்பவர் பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு அசையாமல் கிடப்பார்.

அன்புடன்