பெடலை மிதித்தால் நின்றுபோகும் பியானோ

கேள்வி: 60 வயதுக்கு மேல் பியானோ பழக ஆரம்பித்திருக்கிறேன். 88 கட்டை மிடி கீபோர்டை விண்டோஸ் லேப்டாப்பில் இணைத்து, பியானோ மென்பொருளில் வாசிக்கிறேன். லேப்டாப்பில் ராம் 8 ஜிபி. மென்பொருளின் ஒலிக் கோப்புகள் 40 ஜிபி இருப்பதால் வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். மெதுவாக வாசித்தால் தொல்லையில்லை. பெடலை மிதித்து வேகமாக வாசித்தால் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் மென்பொருள் அப்படியே உறைந்து மூடிக்கொள்ளும். இரண்டு முறை நீலத்திரையும் வந்தது. அதில் ‘டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்’ என்று இருந்தது. புது லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீலத்திரையில் இருந்ததை நீங்கள் குறித்து வைத்தது பெரிய உதவி. அதைப் பார்த்தால் உங்கள் லேப்டாப்பில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடினால் பிடிபடாது.

முதலில் கரகரப்பு. கீபோர்டிலிருந்து யுஎஸ்பி வழியாக வருவது ஒலி இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், பெடல் கீழே இருக்கிறதா என்ற செய்தி மட்டும்தான். ஒலியை உண்டாக்குவது முழுக்க லேப்டாப்பின் வேலை. இந்த மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு கட்டையையும் பல அழுத்தங்களில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். 88 கட்டைக்கு 16 அழுத்தம் என்றாலே 1,408 பதிவுகள். அத்தனையும் ராமில் அடங்காது. அதனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் ஏற்றிக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்கிலிருந்து எடுக்கும்.

பெடல் மேலே இருக்கும்போது விரலை எடுத்ததும் ஒலி அடங்கிவிடும். கீழே இருந்தால் அடங்காது. நொடிக்கு 6 ஸ்வரம் வாசித்து, ஒவ்வொன்றும் 10 நொடி ஒலித்தால் ஒரே நேரத்தில் 60 ஸ்வரங்கள் ஓடும். மென்பொருளில் மூன்று மைக் நிலைகள் (பியானோவுக்கு வெவ்வேறு இடங்களில் மைக் வைத்து எடுத்த பதிவுகள்) திறந்திருந்தால் அது 180 ஆகிவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இத்தனை இடங்களுக்குத் தாவித் தாவிப் படித்துத் தர முடியாமல் திணறுகிறது. அந்தத் திணறல்தான் உங்கள் காதில் விழும் கரகரப்பு.

அதனால் முதல் வேலையாக ஒலிக் கோப்புகளை லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். உள்ளேயும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால், லேப்டாப்பை மாற்றாமல் எஸ்எஸ்டி மட்டும் போடச் சொல்லுங்கள். மென்பொருளில் ஒரே ஒரு மைக் நிலையை வைத்துக்கொண்டு மற்றதை அணையுங்கள். பழகுவதற்கு அதுவே தாராளம். ‘பாலிஃபோனி’ (ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் ஓடலாம் என்ற வரம்பு) என்ற இடத்தில் எண்ணை 64க்குக் குறையுங்கள். ஆடியோ அமைப்பில் ‘பஃபர்’ (ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளைத் தயாரித்து அனுப்புவது என்ற எண்) 64 என்று இருந்தால் 256 ஆக்குங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 256 என்பது 6 மில்லி விநாடிக்கும் குறைவு. விரலுக்குத் தாமதமே தெரியாது, லேப்டாப்புக்கோ நான்கு மடங்கு அவகாசம்.

அதன் பிறகும் மென்பொருள் மூடிக்கொண்டால், விண்டோஸ் தேடலில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறியோடு வரும். அதைத் திறந்தால் எந்தக் கோப்பில் தடுக்கியது என்ற பெயரும் கிடைக்கும். மென்பொருள் தயாரிப்பாளருக்கு எழுதும்போது அந்தப் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். ‘மூடிக்கொள்கிறது’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி நீலத்திரை. சாதாரண மென்பொருள் எவ்வளவு மோசமாக விழுந்தாலும் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். நீலத்திரை வருகிறது என்றால் அதற்கும் அடியில், பெரும்பாலும் ஏதாவது ஒரு டிரைவரில் (வைஃபை, டிஸ்க் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்), கோளாறு. நீங்கள் பார்த்த அந்த வாசகத்தின் பொருள், ஒரு டிரைவர் அளவுக்கு மீறி நேரம் எடுத்துக்கொண்டதால் விண்டோஸ் பொறுமை இழந்து நிறுத்திவிட்டது என்பதுதான். பியானோ மென்பொருள் அதை உண்டாக்கவில்லை. பாரம் ஏறியதும் வெளியே தெரிந்திருக்கிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு வாரம் பியானோ மென்பொருளையே குறை சொல்லி, மூன்று முறை நீக்கி நிறுவினேன். ஒரு நாள் இரவு எதற்கோ வைஃபையை அணைத்துவிட்டு வாசித்தேன். ஒரு மணி நேரம் ஒரு பிசிறுகூட இல்லை! வைஃபை டிரைவரைப் புதுப்பித்தேன், அதோடு தீர்ந்தது. நீங்களும் வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அணைத்து அரை மணி நேரம் பெடலோடு வாசித்துப் பாருங்கள். ‘லேட்டன்ஸிமான்’ என்ற சிறு கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் நேரம் தின்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை, சிப்செட், டிஸ்க் டிரைவர்களை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறோம்’ என்று வரும் மென்பொருள்களைத் தொடவே தொடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அரை மணி வாசித்து, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: லேப்டாப் உறையவில்லை. ஆனால் கட்டையை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. பஃபரைக் குறைத்தும் பயனில்லை. ப்ளூடூத் ஹெட்போனில் கேட்கிறேன்.

பதில்: காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ப்ளூடூத் வழியில் மட்டும் பொதுவாக 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாகும், அதை எந்த அமைப்பாலும் வாசிக்கும் அளவுக்குக் குறைக்க முடியாது. வயர் ஹெட்போனை மாட்டுங்கள்.