ஸ்டிக்கர் ஆப்பிளும் வெள்ளைப் பூண்டும்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: குன்னூர் அருகே சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதங்களில் மளிகைக் கணக்கு தடுமாறுகிறது. பிள்ளைகளுக்குச் சத்தானது என்று நம்பி ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிள் வாங்குகிறேன். பெரிய பல் வெள்ளைப் பூண்டு மலிவாகக் கிடைத்தாலும், சீனப் பூண்டாக இருக்குமோ என்று அஞ்சித் தவிர்க்கிறேன். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை எப்படி அறிவது?

பதில்: ஸ்டிக்கரை நம்பி விலை கொடுக்க வேண்டாம். அதிலுள்ள நான்கு இலக்க எண் பழத்தின் ரகத்தையும் அளவையும் குறிப்பதே தவிர, நாட்டைக் குறிப்பதன்று. நாட்டின் பெயர் தனியாக அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே ஓரளவு தெரியும். பொட்டலத்தில் 890 என்று தொடங்கும் பார்கோடும், அந்த நிறுவனம் இந்தியாவில் பதிவு பெற்றது என்பதை மட்டுமே சொல்கிறது. இறக்குமதியான பொட்டலத்தில் விளைந்த நாட்டின் பெயரும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உதிரியாக விற்கும் பழமென்றால், அது வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நாடு, ரகம் முதலிய விவரங்கள் பெரும்பாலும் அதன் பக்கவாட்டில் இருக்கும்.

ஆப்பிளின் விலையில் நீங்கள் எதற்குப் பணம் தருகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். அயல்நாட்டு ஆப்பிளுக்கு இந்தியா நெடுங்காலமாக 50 சதவீத அளவில் வரி விதித்து வந்திருக்கிறது. அந்த வீதத்தில், துறைமுகத்தில் கிலோ 100 ரூபாய்க்கு இறங்கும் பழம் வரியோடு 150 ரூபாயாகிறது. டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்து அதே பழம் 110 ரூபாய்க்கு இறங்கினால், 165 ரூபாயாகிவிடுகிறது. இதற்குமேல் குளிர்பதனக் கிடங்கு, லாரி வாடகை, கழிவு, கடைக்காரரின் லாபம் எல்லாம் சேர்ந்துதான் மலையேறி வருகிறது. சத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது இதில் எதுவும் இல்லை. நியூசிலாந்து, சிலி, தென் ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஆப்பிள் அறுவடை ஏறத்தாழப் பிப்ரவரியில் தொடங்கி மே வரை நடக்கிறது. இமாசலம், காஷ்மீர்ப் பழம் ஆடி பிறந்தபின் வரத் தொடங்கி ஐப்பசி வரை தாராளமாகக் கிடைக்கும். ஆகவே தீபாவளிச் சமயத்தில் கடையிலிருக்கும் நியூசிலாந்து ஆப்பிள், பல மாதங்கள் குளிர்பதனத்தில் இருந்த பழமாகவே இருக்கும். அதனால் அது கெட்ட பழமாகிவிடாது. ஆனால் அப்போது புதிதாகப் பறித்த காஷ்மீர்ப் பழத்தைவிட அதிக விலை கொடுக்கக் காரணமில்லை. வைட்டமின் சி மட்டும் உங்கள் கவலை என்றால், கொய்யாவுக்குப் பக்கத்தில் ஆப்பிள் நிற்கவே முடியாது. குன்னூரிலேயே விளையும் பிளம்ஸும் பேரிக்காயும் அவற்றின் பருவத்தில் பிள்ளைகளுக்கு அருமையான பழங்கள். அந்த வாரங்களில் ஆப்பிளை நிறுத்திவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

பூண்டைப் பற்றிய உங்கள் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. சீனப் பூண்டு இறக்குமதிக்கு 2014 முதல் தடை இருக்கிறது. கள்ளத்தனமாக வந்த சரக்கு பிடிபட்டதுண்டு என்றாலும், நம் கடைகளிலுள்ள பெரிய பல் வெள்ளைப் பூண்டில் மிகுதியும் மத்தியப் பிரதேசத்தின் மந்சௌர், நீமச் பக்கத்திலிருந்து வருவது. பில் தரும் கடையில் அதை வாங்கத் தயங்க வேண்டாம். நம் மலைப் பூண்டு விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் காரமும் மணமும் மட்டுமல்ல. மேட்டுப்பாளையம் மண்டியில் வடமாநில வியாபாரிகள் அதை விதைக்காகவே போட்டியிட்டு எடுக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்றிருக்கும் கொடைக்கானல் மலைப் பூண்டும் இதே குணமுள்ளதுதான். எனவே தினசரித் தாளிப்புக்கு வெள்ளைப் பூண்டும், ரசத்துக்கும் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பூண்டுக் குழம்புக்கும் மலைப் பூண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மலைப் பூண்டை அறுவடைக் காலத்தில் தாளோடு மொத்தமாக வாங்கி, அடுப்புக்கு மேலே காற்றுப்படக் கட்டித் தொங்கவிட்டால், நம் ஊர் ஈரத்திலும் மாதக்கணக்கில் தாங்கும்.

தேயிலைப் பணம் குறையும் மாதத்தில் முதலில் நிறுத்த வேண்டியது, பிளாஸ்டிக் தட்டில் மூன்று நான்காக அடுக்கி விற்கும் பழத்தையே. அத்தகைய பொட்டலத்தில் மொத்த விலையோடு, ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதும் இருக்க வேண்டும். அதைப் பார்த்து, உழவர் சந்தைப் பலகையில் எழுதியிருக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். நாட்டின் பெயரோ இந்த விலையோ இல்லாத பொட்டலத்தைப் படமெடுத்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம்.