பாகவதருக்கு இன்னொரு வாழ்க்கை வரலாறா?

கேள்வி: அந்தக் காலப் பாடகர்-நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிப் புதிதாக ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கடையில் பார்த்தேன். அப்பா வாங்கிவைத்த பழைய புத்தகங்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. இதில் புதிதாக ஏதாவது இருக்குமா, காசுக்குத் தண்டமா? (வாசகர், திருச்சி)

பதில்: கடையில் நின்றபடியே 1947க்கு அப்புறம் எத்தனை பக்கம் இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். கொலை வழக்கில் உள்ளே போன அவர் சிறையிலிருந்து வந்தது அந்த வருஷம் ஏப்ரலில், இறந்தது 1959 நவம்பர் 1. பன்னிரண்டரை வருஷம்! அவருடைய முதல் படம் 'பவளக்கொடி' (1934) வந்ததிலிருந்து கைதாகும்வரை கணக்குப் போட்டால் பத்து வருஷம்தான் வருகிறது. ஆனால் நம்மூர் வாழ்க்கை வரலாறுகளில் அந்தப் பத்து வருஷத்துக்கு இருநூறு பக்கம், மீதிக்கு 'விதி விளையாடியது' என்று நாலு பக்கம். மாயவரத்தில் பிறந்தது, தங்கத் தட்டில் சாப்பிட்டது, ரயிலை மறித்த கூட்டம், இதெல்லாம் உங்கள் அப்பாவுக்கே மனப்பாடமாக இருக்கும்.

புதுத் தகவல்கூட வேண்டாம், தெரிந்ததையே ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தால் போதும். அவருடைய 'ஹரிதாஸ்' படம் மூன்று தீபாவளி கண்டது என்று எல்லோரும் சொல்வார்கள். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வந்தது, சரி. அந்த டிசம்பரிலேயே பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரைப் பிடித்துவிட்டார்கள், அடுத்த வருஷம் தண்டனை. அப்படியானால் இரண்டாவது, மூன்றாவது தீபாவளிக்குப் படம் பிராட்வேயில், கதாநாயகன் உள்ளே. ஜனம் அவரை வெறுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் விடுதலைக்குப் பின் வந்த 'ராஜமுக்தி' (1948) ஓடவில்லை? அதே வழக்கில் அவரோடு உள்ளே போய் வந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் மட்டும் எப்படித் திரும்ப நின்றார்? பாகவதரின் 'அமரகவி' வந்த அதே 1952இல்தான் வசனத்துக்குப் பேர்போன 'பராசக்தி'யும் வந்தது. ஜனம் பாட்டை விட்டு வசனத்துக்குக் கைதட்ட ஆரம்பித்திருந்தது என்பது என் கட்சி. இதை யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கேள்வி: கொலை வழக்கைப் பற்றித்தான் ஏகப்பட்டது வந்துவிட்டதே? (வாசகர், மதுரை)

பதில்: வந்ததில் பாதி வதந்தி. லட்சுமிகாந்தன் மஞ்சள் பத்திரிகைக்காரர், பணம் பறித்தவர், வேப்பேரியில் குத்துப்பட்டார் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். குத்துப்பட்ட மனிதர் சுயநினைவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பேசி, மறுநாள்தான் இறந்தார். என்ன பேசினார், யார் பெயரைச் சொன்னார், யார் பெயரைச் சொல்லவில்லை? வழக்கின் உயிர்நாடியே அதில் இருக்கிறது. பாகவதரையும் கிருஷ்ணனையும் ஜூரி குற்றவாளி என்றது, உயர்நீதிமன்றமும் ஆமாம் போட்டது, அப்புறம் அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பிய பிறகு அதே சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இத்தனைக்கும் தீர்ப்புகள் எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்து எழுதியவருக்கும், 'அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள்' என்று எழுதியவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். கடைசிப் பக்கங்களில் ஆதாரப் பட்டியல் இல்லாத புத்தகத்தை நான் ஓசியில் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவேன்.

கேள்வி: எனக்கு வயது 22. எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்க? (வாசகி, சேலம்)

பதில்: 'ஹரிதாஸ்'. 'மன்மத லீலையை' பாட்டில் டி.ஆர். ராஜகுமாரியையும் பாருங்கள், பாகவதரையே மறந்துவிடுவீர்கள். அடுத்து 'அசோக் குமார்' (1941), அதில் எம்.ஜி.ஆர். சின்ன வேடத்தில் வருவார். பாட்டு அதிகம் என்று ஓட்டிவிடாதீர்கள், அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனதே அதற்குத்தான்.